பலகையும் பதிவேடும்

சொல்லும் ஊரும்

பள்ளி என்பது தமிழில் பல பொருள் தாங்கி நிற்கும் ஒரு சொல். சமண முனிவர் உறைந்த இடம் பள்ளி. இறைவன் துயில்கொள்ளும் அறை பள்ளியறை. இசுலாமியப் பெருமக்கள் தொழும் இடம் பள்ளிவாசல். சிற்றூர்கள் பலவும் பள்ளி என்றே பெயர் பூண்டன. இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஒரு கருத்து ஓடுவதாக எனக்குத் தோன்றும்; வந்து தங்கும் இடம், அச்சமின்றி அமரும் இடம் என்பதே அது. பிள்ளைகள் எழுத்தறியும் இடத்திற்கும் அச்சொல்லே வாய்த்தது தமிழின் பேறு எனலாம். அச்சமின்றி அமர இயலாத இடத்தில் பாடம் நடக்கலாம், பள்ளி நடவாது.

பெங்களூருத் தமிழருக்கு இச்சொல் இன்னும் நெருக்கமானது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படை இந்நகரில் தண்டு அமைத்து நிலைகொண்டபின், அதனைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் மிகப் பல. இன்று சிவாஜி நகர் என வழங்கும் பகுதிக்கு அந்நாளில் பிளாக்பள்ளி என்று பெயர். அங்கே 1882இல் எழுந்த மரியன்னை ஆலயம் 1974இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் கொடியேறி, செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் விழா தேரோடு நிறைவுறும்போது, காவியுடை அணிந்து திரள்வோரில் கிறித்தவர் யார், அல்லாதார் யார் எனப் பிரித்தறிய எவராலும் இயலாது.

கோயில் எழுந்த இடங்களில் பள்ளியும் எழுந்தது. நல்லாயன் சபைக் கன்னியர் 1854இல் இந்நகருக்கு வந்தனர். சூசையப்பர் பெயரால் ஆடவர்க்கான கல்விநிலையம் 1858இல் தோன்றிற்று. 1940இல் பெங்களூர் தனி மறைமாவட்டமாகவும், 1953இல் உயர்மறைமாவட்டமாகவும் ஆயிற்று. பெரும்பெயர் பெற்ற அந்நிலையங்களின் வரலாற்றை எழுதப் பலர் உளர். நான் இங்கே எடுத்துக்கொள்வது, அவற்றின் நிழலில், ஏதோ ஒரு சந்தில், ஆலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஐந்தாறு அறைகளோடு நடந்துவரும் சிறு தொடக்கப் பள்ளிகளை. அத்தகைய ஒன்றில் நான் படித்தேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது கட்டுரையின் போக்கிலேயே விளங்கும்.

இச்சிறு பள்ளிகளுக்கென ஒரு செய்தி உலகம் உண்டு. வாயிலருகே ஒரு கரும்பலகை. முதல் மதிப்பெண் பெற்றவர் யார், மாதா திருநாளுக்கு விடுமுறை எத்தனை நாள், பங்குச் சாமியாரின் பெயர்த்திருநாள் என்று, புதிய மின்விசிறியை உவந்தளித்தவர் யார் என்பன அதில் வெண்கட்டியால் எழுதப்படும். ஆண்டிறுதியில் நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்று அச்சாகும். அவ்வளவே. ஆயினும் நெடுநாளாக என் உள்ளத்தை உறுத்தும் வினா அப்பலகையிலிருந்தே பிறந்தது. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும்போது யார் பெயரை எழுத வேண்டும்? யார் பெயரை எழுதலாகாது? சிறு பள்ளியின் நடைமுறைச் சிக்கல் போலத் தோன்றும் இவ்வினா உண்மையில் ஓர் அறவினா என்பது என் துணிபு.

ஒரு காலைக் கூட்டம்

நான் நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டு, என் தந்தையார் பணிசெய்த ஆலை சில மாதங்கள் மூடிக் கிடந்தது. பள்ளிக் கட்டணம் நிலுவையாயிற்று. ஒருநாள் மாலை வகுப்பாசிரியை என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வீட்டில் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட சீட்டு அது. என் அன்னையார் தமிழையே எழுத்துக்கூட்டிப் படிப்பவர். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

“என்ன கண்ணு எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“நாளைக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு வரணுமாம்” என்றேன்.

அன்னையார் அன்றிரவே என் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, அடுப்பின் பக்கத்தில் கொடிகட்டி உலர்த்தினார். மறுநாட் காலை செபம் முடிந்ததும், நிலுவை வைத்தோர் பட்டியலைத் தலைமையாசிரியை படித்தார். ஏழு பெயர்கள். என் பெயர் ஐந்தாவது. பெயர் படிக்கப்பட்டவர்கள் முன்வரிசைக்கு வந்து நிற்க வேண்டும். அப்பள்ளியில் அன்று என் சட்டையைப்போல் வெளுத்த சட்டை வேறொன்று இல்லை.

இதனைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அந்த அம்மையார் கொடியவர் அல்லர்; காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தம் மடியில் சாய்த்துக்கொள்பவர். மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் கடமை அவருக்கும் இருந்தது. அவர் படித்த பட்டியலில் பொய் ஒரு சொல்லும் இல்லை. நான் பணம் கட்டவில்லை என்பது மெய். நான் அன்னையாரிடம் சொன்னதோ பொய். மெய் என்னைச் சிறுமைப்படுத்தியது. பொய் என் அன்னையாரை ஓரிரவு நிம்மதியாக உறங்கச் செய்தது. பத்து வயதுச் சிறுவனுக்கு விளங்காத இப்புதிரை நாற்பது கடந்த பின்னும் அவிழ்க்க முயன்று வருகிறேன்.

வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில் சொல்லின் உண்மையைத் தீமையின்மையோடு இணைத்தே எண்ணினார் என்பதைக் கற்றோர் அறிவர். அதனைக் கொண்டு என் பொய்யை நான் நியாயப்படுத்திக்கொள்ள இயலாது. அன்னையார் சீட்டின் பொருளை அறிந்திருந்தால் அன்றிரவே முக்காடிட்டுப் புறப்பட்டுப் போய்க் கன்னியர் இல்லத்தின் கதவைத் தட்டித் தவணை கேட்டிருப்பார், இரண்டு நாள் கழித்து அப்படியே செய்தார், தவணையும் கிடைத்தது. அவருடைய அந்த உரிமையை என் பொய் இரண்டு நாள் பறித்துவிட்டது. ஆகவே பொய்யும் குற்றமே. ஆயினும், மெய்யான பட்டியல் ஒன்று குற்றமற்றது ஆகிவிடுமா? எதைச் சொல்கிறோம் என்பதோடு, எவ்விடத்தில், எவர் முன்னிலையில் சொல்கிறோம் என்பதும் வாய்மையின் பகுதி அன்றோ?

உறைகள்

மறு ஆண்டில் வேறொரு கன்னியர் தலைமையாசிரியையாக வந்தார். அவர் எதையும் விளக்கிப் பேசவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் ஓர் உறை கொடுத்தார். உள்ளே பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பணம் கட்ட முடிந்தவர் சீட்டோடு பணத்தை வைத்து ஒட்ட வேண்டும். பாதி முடிந்தவர் பாதி. ஒன்றும் முடியாதவர் சீட்டை மட்டும் வைத்து ஒட்ட வேண்டும். வரிசையாகச் சென்று உறையைப் பெட்டியில் இடுவோம். யாருடைய உறை கனம், யாருடையது வெறுமை என்பது அவர் ஒருவருக்கே தெரியும். மாலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு பதிவேட்டில் எழுதுவார். நிலுவை வைத்தோர் வீட்டுக்குத் தாமே நடந்து செல்வார். தமிழ் வீட்டில் தமிழிலும், கன்னட வீட்டில் கன்னடத்திலும் பேசுவார்.

கணக்கு ஒரு காசும் பிசகவில்லை. நிலுவை வைத்தவர் யார் என்பது மறைக்கப்படவும் இல்லை; அது எழுதப்பட வேண்டிய இடத்தில் எழுதப்பட்டிருந்தது. மாறியது ஒன்றே. பலகையில் இருந்தது பதிவேட்டுக்குச் சென்றது.

நான் பிற்காலத்தில் பட்டம் பெற்று மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தரானேன். இருபதாண்டுகளாகப் பதிவேடுகளே என் தொழில். வரவும் செலவும், பெயரும் தொகையும் ஒன்றோடொன்று பொருந்த எழுதுவதே அத்தொழிலின் அறம். ஒவ்வொரு பதிவேட்டையும் புரட்டும்போது அந்தக் கன்னியரின் சாத்திய கதவு நினைவுக்கு வரும். பதிவேடு உண்மையைக் காக்கிறது. பலகை உண்மையைப் பறையடிக்கிறது. இரண்டும் வேறு வேறு கடமைகள்.

ஈகையும் புகழும்

வறியவர் பெயரைப் பற்றி இதுவரை பார்த்தோம். வழங்குபவர் பெயரைப் பற்றி என் சொல்வது?

மலைமேற் பொழிவில் இயேசுபிரான் அறத்தை மறைவாகச் செய்யுமாறு பணித்தார். எனினும் கிறித்தவப் பள்ளிகளின் மின்விசிறி இறக்கைகளிலும் பெஞ்சுகளின் முதுகிலும் நன்கொடையாளர் பெயர் பளிச்சிடுகிறது. தமிழர் மரபோ கொடையைக் கல்லில் வெட்டி வைத்த மரபு. வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்து எந்த அதிகாரத்தை வைத்தார்? புகழ் என்னும் அதிகாரத்தை வைத்தார். இருபத்து மூன்று ஈகை; இருபத்து நான்கு புகழ். கொடுப்பவன் பெயர் விளங்குவதை அவர் இழிவாகக் கருதவில்லை என்பதற்கு இவ்வரிசையே சான்று. அப்படியாயின் இரு மரபுகளும் மாறுபடுகின்றனவா?

நூலை இன்னும் சற்றுப் புரட்டினால் ஒரு நுட்பம் புலனாகும். ஈகையையும் புகழையும் அறத்துப்பாலில் அருகருகே வைத்தவர், இரவு, இரவச்சம் என்னும் இரண்டு அதிகாரங்களைப் பொருட்பாலின் இறுதியில், 106ஆகவும் 107ஆகவும், நெடுந்தொலைவு தள்ளி வைத்தார். கொடுப்பவனின் புகழ் ஓரிடத்தில். கேட்பவனின் நாணம் வேறோரிடத்தில். இரண்டையும் ஒரே மேடையில் அவர் ஏற்றவில்லை. அதிகார வைப்பைக் கொண்டு இவ்வளவு பொருள் கொள்ளலாமா என அறிஞர் வினவக்கூடும். புலமையின் முடிவாக இதனைச் சொல்லவில்லை. நூலைக் கற்ற எளியவன் ஒருவன் பெற்ற வெளிச்சமாகவே சொல்கிறேன். கொடுத்தவர் பெயர் விளங்கட்டும். அது விளங்குவதற்கு வாங்கியவர் முகம் திரி ஆகலாகாது. இயேசுபிரான் தடுத்ததும் இதையே என நான் கொள்கிறேன். அவர் பெரிதும் பாராட்டிய கொடை, கோயில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளை இட்ட கைம்பெண்ணின் கொடை. அத்தொகை இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகுக்குத் தெரியும். அவள் பெயர் எவருக்கும் தெரியாது.

தமிழ் மரபிலும் கல்வெட்டு அரசர் பெயரோடு நின்றுவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்ற விவரத்தோடு கல்லில் உள்ளன. பேரரசனின் பெயர் நின்ற சுவரிலேயே அக்கோயிலின் அன்றாடப் பணியைச் சுமந்தோர் பெயரும் நின்றது. நம் பள்ளிகளின் பளிங்குப் பலகைகளில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது. கட்டியவர், கூட்டியவர், மணியடித்தவர் பெயர் இருக்கிறதா?

சிறிய செய்தியின் கனம்

தொடக்கப் பள்ளியின் சிறு செய்திகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர்க்கு வரலாறே விடை கூறும். 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பார்ப்பனச் சிறுவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது என்னும் செய்தி, தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் தொடுத்த வினா இரண்டு இலைகளைப் பற்றியது மட்டுமன்று. அவ்விடத்தில் யார் யாரோடு சமம் என்பதைப் பற்றியது. பிள்ளைகள் பாடநூலிலிருந்து கற்பதைவிடப் பந்தியிலிருந்து அதிகம் கற்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் இறுதியில், கல்கத்தாவின் மோதிஜீல் சேரியில் அன்னை தெரேசா பள்ளி தொடங்கியபோது, அங்கே கட்டடமும் இல்லை, கரும்பலகையும் இல்லை. தரையில் குச்சியால் எழுத்துகளைக் கீறிக் காட்டினார். யார் பெயரையும் நிலைநாட்ட இடமில்லாத அவ்விடத்திலும் பள்ளி நடந்தது.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்கு அப்பால் பார்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு 1954இல் லொரென்சோ மிலானி என்னும் குரு அனுப்பப்பட்டார். உழவர் பிள்ளைகளுக்கு அவர் அங்கே நடத்திய சிறு பள்ளியின் மாணவர் சிலர் கூடி எழுதிய ‘ஓர் ஆசிரியைக்கு ஒரு கடிதம்’ 1967இல் வெளிவந்தது. அவ்வாண்டே மிலானி மறைந்தார். தேர்வில் தவறிப் பள்ளியை விட்டு நீங்கிய ஏழைப் பிள்ளைகளின் கணக்கை அந்நூல் எண்களோடு எடுத்து வைத்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பார்பியானாப் பள்ளி’ என்று மட்டுமே இருந்தது. தேர்ச்சி பெற்றோர் பெயரைப் பள்ளிகள் பலகையில் எழுதும். நின்றுபோனோர் பெயரை யார் தேடுவார் என்பதே அச்சிறுவர் உலகுக்கு விடுத்த வினா.

நிழற்படம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் படித்த பள்ளியின் செய்தி மடலைத் தொகுத்துத் தரும் பணி என்னிடம் வந்தது. அவ்வாண்டு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்க ஒரு வணிகர் முன்வந்தார். நன்கொடை தொடர வேண்டுமானால் ஒன்று செய்ய வேண்டும் என்றார்: பிள்ளைகள் தம் கையால் நோட்டுகளை வாங்கும் படம், அவர்கள் பெயரோடு, மடலின் முதற்பக்கத்தில் வரவேண்டும்.

அவர் தற்பெருமை பிடித்தவர் என்று எண்ண வேண்டா. தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர். “தம்பி, நான் குடுக்கறத நாலு பேர் பாத்தாத்தான் நாப்பது பேர் குடுப்பாங்க. எனக்காகவா கேக்கறேன்?” என்றார். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. விளம்பரம் கொடையைப் பெருக்கும் என்பது உலகியல். மறைவாகக் கொடுக்கப்படும் நூறு ரூபாயைவிட, வெளிப்படக் கொடுக்கப்பட்டுப் பிறரையும் கொடுக்கத் தூண்டும் நூறு ரூபாய் பயன் மிக்கதன்றோ?

நான் அவரிடம் என் வெள்ளைச் சட்டையின் கதையைச் சொன்னேன். “ஐயா, உங்கள் பெயரை முதற்பக்கத்திலேயே போடுகிறேன். தொகையையும் போடுகிறேன். பிள்ளைகளின் படமும் பெயரும் மட்டும் வேண்டா” என்றேன். அவர் சினம் கொள்ளவில்லை. வருத்தத்தோடு எழுந்து போனார். நோட்டுகள் வரவில்லை.

பழைய மாணவர் சிலர் கூடிப் பணம் திரட்டினோம். திரட்டி முடிப்பதற்குள் பள்ளி திறந்து இரண்டு வாரம் கடந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பழைய நோட்டுகளின் எஞ்சிய தாள்களில் எழுதினர். ஒரு கொள்கைக்காகப் பட்டினி கிடப்பவன் தான் கிடக்கலாம்; பிறரைக் கிடத்தலாமா? அப்பிள்ளைகளிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படத்துக்கு நிற்கிறோம் என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார்களோ என்னவோ! அவ்விரண்டு வாரத்தின் பொறுப்பை என் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்; இன்றும் அது நேராகவில்லை.

எழுத்தரின் ஐயம்

இன்னோர் ஐயமும் என் தொழிலிலிருந்தே எழுந்தது. மறைவு என்பது எப்போதும் நன்மைக்குத் துணையன்று. சாத்திய கதவுக்குப் பின்னால் இரக்கமும் இருக்கலாம், சலுகையும் இருக்கலாம், களவும் இருக்கலாம். அதனாலன்றோ 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அமைப்புகள் வழங்கும் மானியத்தின் தொகையையும் பயனடைந்தோர் விவரத்தையும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்றது! பொதுப்பணம் வெளிச்சத்தில் செலவாக வேண்டும் என்பதை என் போன்ற எழுத்தர் எவரும் மறுக்கார்.

மற்றொரு பக்கம், 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தைகளை உடலால் தண்டிப்பதை மட்டுமின்றி, உள்ளத்தை வருத்துவதையும் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிய ஐயம் 2025இல் அந்நீதிமன்றத்திலேயே எழுந்து பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், கிறித்துவின் பெயர் தாங்கிய ஒரு பள்ளி, பிள்ளையின் நாணத்தைக் காக்கச் சட்டத்தின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் விலக்களிக்கக்கூடும், அறம் யாருக்கும் விலக்களிப்பதில்லை.

வெளிச்சமும் வேண்டும், மறைவும் வேண்டும் என்றால் எல்லை எது? நான் கண்ட அளவில் அதனை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, பொறுப்பும் அதிகாரமும் உடையோரின் செயல். எவ்வளவு வந்தது, எவ்விதியின்படி செலவாயிற்று, யார் முடிவு செய்தார் என்பன பதிவேட்டிலும் வேண்டும், பலகையிலும் வேண்டும். இரண்டாவது, ஒருவருக்கு நாணம் தரக்கூடிய இல்லாமை. அது பதிவேட்டில் இருக்கட்டும். தணிக்கை செய்வோர் பார்க்கட்டும். பலகைக்கு வர வேண்டா. மூன்றாவது, ஒருவருக்கு மதிப்புத் தரக்கூடிய உழைப்பு. அது பதிவேட்டில் மட்டும் புதைந்து கிடக்கலாகாது. பலகைக்கு வர வேண்டும். நம் வழக்கமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. செலவுக் கணக்கு மறைவில் கிடக்கிறது. இல்லாமை பறையடிக்கப்படுகிறது. உழைப்பு மறக்கப்படுகிறது.

ஆயாவின் பெயர்

அதே செய்தி மடலில் இன்னொரு செய்தி இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், விளையாட்டு விழாவுக்கும் கழிப்பறைப் பழுதுபார்ப்புக்கும் இடையே ஒரே வரி: ஆயா இவ்வாண்டு ஓய்வு பெற்றார். நான் படித்த காலத்திலேயே இளம் பெண்ணாக வந்து சேர்ந்தவர் அவர். முப்பதாண்டுக்கு மேல் அப்பள்ளியின் மணியை அடித்தவர், அறைகளைக் கூட்டியவர், அழும் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவர். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். ஆசிரியையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஆயா என்பதே பெயராக அத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. எனக்கும் தெரியாது.

பழைய சம்பளப் பதிவேடுகளை எடுத்துவரச் சொன்னேன். செல்லரித்த கட்டைப் பிரித்ததும் பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே, வருவாய் முத்திரை வில்லையின் மேல், பெருவிரல் ரேகை. மாதந்தோறும் ரேகை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். ஏறத்தாழப் பத்தாம் ஆண்டில் ஒரு மாதம் ரேகை நின்றுவிட்டது. அவ்விடத்தில், நடுங்கும் தமிழ் எழுத்துகளில், ஒரு கையெழுத்து. அதன்பின் ஒரு மாதமும் ரேகை இல்லை.

ஒரு பள்ளியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி எது? அது பலகையில் ஒருநாளும் எழுதப்படவில்லை. பதிவேட்டில் இருபதாண்டுகளுக்கு மேலாக யாரும் பார்க்காமல் கிடந்தது.

அவர் வீட்டுக்குச் சென்றேன். எழுதப் படிக்க யார் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன்.

“யாரு சொல்லிக் குடுப்பாங்க தம்பி? சாயங்காலம் போர்டெல்லாம் நான்தானே துடைப்பேன். டீச்சருங்க எழுதினத ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து அழிப்பேன். அழிச்சு அழிச்சுத்தான் படிச்சேன்” என்று சிரித்தார்.

மடலின் முதற்பக்கத்தில் உங்கள் பெயரையும் இச்செய்தியையும் போடலாமா என்று கேட்டேன். அன்று பிள்ளைகளிடம் கேட்கத் தவறிய கேள்வியை இவரிடமாவது கேட்டாக வேண்டும் என்றிருந்தது. சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார்.

“போடுங்க. ஆனா பக்கத்துல ஆயான்னும் போடுங்க தம்பி. இல்லேன்னா பிள்ளைங்களுக்கு யாருன்னு தெரியாது.”

அவ்வாறே அச்சிட்டோம். அப்பெயரை இங்கே எழுதவில்லை. அவர் இசைவு தந்தது அந்த நான்கு பக்க மடலுக்கு, இம்மலருக்கு அன்று.